ஆளுக்கு ஒரு அடி

“...நீங்கதானேங்க சாமி சொன்னீங்க? ‘நான் ஒரு அடிதான் அடிச்சேன், நான் ஒரு அடிதான் அடிச்சேன்’னு பதினோரு வாட்டி சொன்னீங்களே. மத்தவங்க ஆளுக்கு ஒரு வாட்டி சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாங்க. பதினோரு வாட்டியும் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

மாரியாயி என்ற அந்த அம்மா இதை என்னிடம் கேட்டபோது மதிய இடைவேளை. நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கம், பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கு வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்து, முதல் பிடியை வாயில் வைத்திருந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி, அவனை அடித்தவன் நீதான் என்று என்னைப் பார்த்துச் சொல்கிறாள். அதில் பொய்யும் இல்லை.

ஏன் பொய் இல்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

நான் கொழும்பில் முப்பத்தொரு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். ஓய்வு பெற்று நாலு வருடம். போன மாதம் நிரோஷா என்ற இளம்பெண் வாட்ஸ்அப்பில் பேசினார். இப்போது அந்த வேலையில் இருப்பவர். “சேர், நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு சொற்பட்டியல் செய்யிறம். லிஞ்சிங் எண்டதுக்குத் தமிழில என்ன போடுறது? நீங்கள் ஒருக்கா அப்பிடி ஒரு கேஸ் செய்தனீங்கள் எண்டு சொல்லிச்சினம்” என்று கேட்டார். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். ஒரு மாதமாகிவிட்டது. சொல்லுக்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் பிறந்தவன் நான். சிங்களத்தை வீட்டு ஒழுங்கைச் சந்தில் பந்து பொறுக்கிப் படித்தேன். ஆங்கிலத்தைக் கடையிலிருந்து பாண் ரொட்டி சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் படித்தேன். பல செய்திகளுக்கு எனக்கு முடிவு தெரியாது, அது அடுத்த வீட்டுப் பாணில் போயிருக்கும். பரீட்சை எழுதி வேலைக்கு வந்தபோது என்னைச் செபஸ்தியாம்பிள்ளை முதலியாரிடம் விட்டார்கள். முதலியார் என்பது இங்கே சாதியல்ல, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் பட்டம்.

அவர் சொன்ன முதல் சட்டம்: சாட்சி ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்று சொல். ‘இவர் சொல்கிறார், தான் கத்தியை எடுத்தாராம்’ என்று சொல்லக்கூடாது. ‘நான் கத்தியை எடுத்தேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது: கூட்டாதே, குறைக்காதே. மூன்றாவது: சாட்சி கேள்வி கேட்டால் அது உனக்கில்லை, மேசைக்கு. மேசை என்றால் நீதவான். “உனக்கு வாய் இருக்குது, பதில் இல்லை, விளங்குதோ?” என்பார்.

ஒவ்வொரு சாட்சியும் இறங்கியதும் அவர் வெளியே போய் ஒரு மிடறு தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார். ஏன் என்று கேட்டேன். “ஆரின்ரையோ சொல்லு இது. வாயில ஊறப்போட்டா உன்ர ஆகிடும்” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று நினைத்து நான் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

குறைக்காதே என்பதை ஒரு மீன்காரி படிப்பித்தார். நடைபாதையில் கூடை வைத்ததற்கு அபராதம். தீர்ப்பைக் கேட்டதும் அவர் நீதவானைப் பார்த்து, “ஐயாட மண்டைக்குள்ள மூளை இருக்கோ, கருவாட்டுத் தூள் இருக்கோ?” என்றார். நான் நடுங்கிப்போய், “அபராதம் கூடுதல் என்று இவர் கருதுகிறார்” என்று சிங்களத்தில் சொன்னேன். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் தொப்பிக்குள் முகத்தை மறைத்துச் சிரித்தார். மாலையில் முதலியார் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவர் கோபப்பட்டால் கைக்குட்டையை நாலாய் மடித்துக்கொண்டே பேசுவார். “தம்பி, அவ தந்தது மீன். நீ மேசையில வைச்சது ஐஸ்.”

மனிதர் பேசும் பேச்சில் எனக்கு அப்படி ஓர் ஆசை. சாட்சிக்கூண்டில் ஏறியவர்கள் சொன்ன பழமொழி, சொலவடை, திட்டு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைப்பேன். அதை வாசித்துக் காட்ட ஆள் இல்லை. வழக்காளியோடு தேநீர் குடிக்கக்கூடாது. லோயர்மாரோடு சிரித்துக் கதைக்கக்கூடாது. யாராவது பார்த்தால், காசு வாங்கிக்கொண்டு மாற்றிச் சொன்னான் என்பார்கள். அதனால் முப்பத்தொரு வருடம் அந்த வாங்கில் தனியாகத்தான் சாப்பிட்டேன். கலியாணமும் கூடி வரவில்லை. வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி அறை. ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி கடகடக்கும். அதற்கு மேல் அங்கே பேச்சு இல்லை. பகலெல்லாம் இருநூறு தடவை ‘நான்’ என்று சொல்லிவிட்டு வருவேன். அறைக்குள் வந்து எனக்காக ஒரு தடவை சொன்னால் கேட்க ஆள் இருக்காது.

இனி அந்த வழக்கு.

இறந்தவர் பெயர் பெருமாள். மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மனைவியோடும் மகளோடும் வந்து ஜிந்துப்பிட்டியில் ஓர் அறையில் இருந்தவர். தோளில் சாக்கோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ப் பழைய போத்தல், பேப்பர் வாங்குவார். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கையில், திறந்து கிடந்த வாசல் கேற் வழியாக ஒரு பெண் குழந்தை றோட்டுக்கு வந்துவிட்டது. வாகனம் வருகிறதே என்று பெருமாள் அதைத் தூக்கினார். அந்த வாரம் பிள்ளை பிடிகாரன் திரிகிறான் என்று எல்லாருடைய போனிலும் ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கு, குழந்தை, புது முகம். மேல்மாடியிலிருந்து யாரோ “பிள்ளை பிடிகாரன்!” என்று கத்தினார்கள். கேற்றுகள் எல்லாம் திறந்தன. காலை பத்து மணி வெயிலில் அவ்வளவும் நடந்து முடிந்தது. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை.

மரண விசாரணைக்குப் பொலிஸ் பதினொரு பேரைச் சாட்சிகளாகக் கொண்டுவந்தது. ஏழு பேர் தமிழ் பேசுகிறவர்கள், அதில் முஸ்லிம்களும் உண்டு. நாலு பேர் சிங்களவர். அந்த ஒழுங்கையில் மூன்று இனச் சனமும் சேர்ந்து செய்த காரியம் வேறொன்று உண்டோ தெரியாது.

முதலில் மாரியாயி ஏறி உடலை அடையாளம் காட்டியதைச் சொன்னார். அதன்பின் என் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். சிங்களத்தில் நடப்பதை நான் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

சட்ட வைத்திய அதிகாரி அறிக்கையை வாசித்தார். காயங்களுக்கு இலக்கம் போட்டிருந்தார். ஒன்று, இடது தோள்பட்டை. இரண்டு, இடது முழங்கைக்கு மேல். நான் குனிந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க” என்றார். நீதவான் நிமிர்ந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். “ஆம் என்கிறார், ஸ்வாமீனி.” நீதவானைச் சிங்களத்தில் அப்படித்தான் அழைக்க வேண்டும். உடலைக் குளிப்பாட்டியவர் அவர். டொக்டர் எழுதியது சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்துநாலு காயம், முப்பத்துநாலு ஆமாங்க. இதில் எந்த ஒன்றும் தனியாக உயிரை எடுத்திருக்காது, எல்லாம் சேர்ந்துதான் எடுத்தன என்று டொக்டர் முடித்தார்.

பிறகு ஒழுங்கைக்காரர்கள். முதலாவது ஆள் இரும்புக் கடை முதலாளி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கேட்காமலே சொன்னார்: “நானும் ஒரு அடி அடிச்சனான் ஐயா. ஒரு அடிதான்.” நீதவான் பேனையை வைத்துவிட்டார். உங்களையே குற்றத்தில் மாட்டும் பதிலை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை என்று எச்சரித்தார். நான் அதைத் தமிழில் சொன்னேன். முதலாளிக்கு அது விளங்கவே இல்லை. “ஒரு அடிக்கு என்ன குற்றம் ஐயா? பிள்ளையைக் காப்பாத்தத்தானே அடிச்சது. பத்துப் பேர் அடிச்ச பாம்பு சாகாது எண்டு சொல்லுவினம். இவன் சாவான் எண்டு ஆர் கண்டது?”

இங்கே என் வெட்கத்தையும் எழுத வேண்டும். அந்தப் பழமொழி காதில் விழுந்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. சிங்களத்தில் அதை எப்படி அழகாய் வைக்கலாம் என்று மனம் ஓடியது. பக்கத்துக் கதிரையில் அந்த அம்மா இருக்கிறார் என்பது ஒரு மூச்சு நேரம் மறந்தே போனது.

முதலாளி காட்டிய வழியில் மற்றவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நீதவான் அதே எச்சரிக்கையைச் சொன்னார். ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. முச்சக்கரவண்டிக்காரர், “என்ட கையாலதான் சேர், ஒரு அடி” என்றார். வங்கியில் வேலை செய்யும் சிங்களவர் குடையால் ஒன்று. ஒரு அக்கா வீடு கூட்டும் தும்புத்தடியால் ஒன்று. “நான் அடிச்சது மெதுவா” என்று சொல்லித் தும்புத்தடியின் நீளத்தையும் கையால் காட்டினார். எதனால் அடித்தோம் என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கே அடித்தோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தமிழ் பேசிய ஏழு பேருக்காக நான் மேசையைப் பார்த்து “மம எக பாரக் கெஹுவா” என்றேன். சிங்களம் பேசிய நாலு பேருக்காக மாரியாயியின் காதருகே குனிந்து “நான் ஒரு அடிதான் அடித்தேன்” என்றேன். கொழும்புக்கு வந்து அவர் படித்த சிங்களம் அந்த நாலு சொல்லுக்குப் போதும். பதினொன்றும் அவருக்கு விளங்கியது. பதினொன்றும் ஒரே குரலில் வந்தது.

அவருக்காக வந்திருந்த இளம் லோயர் அம்மா எழுந்து, இது கைகலப்பு அல்ல, லிஞ்சிங் என்று அந்த ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். சிங்களப் பதிவில் அதை எப்படி எழுதுவது என்று சுருக்கெழுத்தாளர் பார்க்க, ஆங்கில எழுத்திலேயே போடச் சொன்னார் நீதவான். பிறகு என் பக்கம் திரும்பினார். “முதலி மஹத்தயா, அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கள்.”

அந்தச் சொல் எனக்குத் தெரியும், பாண் சுற்றிய தாளிலேயே கண்டது. அமெரிக்காவில் யாரோ ஒருவருடைய குடும்பப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். எந்த ஆள் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. முதலில் உயிர்ப்பலி இல்லாத தண்டனைக்கும் அதைச் சொன்னார்களாம். பிறகு கறுப்பு மனிதரைக் கூட்டமாய்ப் பிடித்து மரத்தில் தூக்கியதற்கு அதுவே பெயராகிவிட்டது. இப்போது இந்தியச் செய்தியிலும் வருகிறது, எங்கள் செய்தியிலும் வருகிறது. நிரோஷா கேட்ட சொல்லுக்குக் கும்பல் கொலை என்று போடலாம். பலர் அப்படித்தான் போடுகிறார்கள், பிழை இல்லை. ஆனால் கும்பல் என்பது எப்போதும் மற்றவன். ‘நான் கும்பலில் இருந்தேன்’ என்று ஒருவன் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பத்திரிகைகளோ ‘பொதுமக்களால் நையப்புடைக்கப்பட்டார்’ என்று எழுதும், அரிசி புடைத்துத் தவிடு போக்கிய மாதிரி. அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இன்னொரு சங்கதி இருக்கிறது. விசாரணை இல்லாமல், நீதி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்வது. இரும்புக் கடை முதலாளி திருநீற்றோடு வந்தது அதனால்தான். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க ஏதும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் இன்றைக்கு, நாலு வருட ஓய்வில் இருந்து யோசித்தது. அன்றைக்கு மணி பன்னிரண்டரை. நீதவான் பேனையை மூடிவிட்டார். என் வாய் முழுக்கப் பதினொரு அடி. நான் குனிந்து, “உங்கட அவரைச் சனம் சேர்ந்து அடிச்சுச் சாகடிச்சிட்டுது எண்டு லோயர் அம்மா சொல்றா” என்றேன்.

 மாரியாயி எழுந்து நின்று, கை கட்டி, மேசையைப் பார்த்துக் கேட்டார்: “சனம்னா யாருங்க ஐயா? டாக்குட்டரு முப்பத்திநாலுன்னாரு. வந்தவங்க ஆளுக்கு ஒண்ணுன்னு பதினொண்ணு சொல்லிட்டாங்க. மிச்சம் இருவத்திமூணு யாரு அடிச்சதுங்க? எம்மக கேப்பாளே, நான் என்னன்னு சொல்ல?”

“என்ன சொல்கிறார்?” என்றார் நீதவான்.

“துக்கத்தில் பேசுகிறார், ஸ்வாமீனி.”

நீதவான் தலையசைத்து எழுந்தார். எல்லாரும் எழுந்தோம். நான் அந்த அம்மாவிடம், “சனம் எண்டா சனம்தான் அம்மா. அதுக்கு ஆர் எண்டு பேர் சொல்றது?” என்றேன். மேசைக்குப் போக வேண்டிய கேள்வியை நானே வாங்கி, நானே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு தரம்தான் செய்தேன். ஒரு தரம்தான் என்று எழுதும்போதே கை கூசுகிறது. அந்த ஒழுங்கைக்காரர் பேசியதும் இதே கணக்குத்தானே.

பிற்பகலில் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீதவான் வந்து உட்கார்ந்ததும் நான் எழுந்து, இடைவேளைக்கு முன் சாட்சியின் கேள்வியை நான் தெரிவிக்கவில்லை, அதற்கு நானே பதில் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்களைப் பதில் சொல்லச் சொன்னது யார்?” ஒருவரும் இல்லை என்றேன். கேள்வி முழுதாகப் பதிவில் ஏறியது. பொதுமக்கள் என்று எழுதி மூடாமல், மிச்ச ஆட்களையும் தேடச் சொல்லிக் கட்டளையானது. என் கோப்பில் ஒரு கடிதம் ஏறியது. மூன்றாம் மாதம் என்னை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். வழக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த ஒப்புதலுக்கு எனக்குத் துணிவு வந்தது மதிய இடைவேளையில்தான். பதினோரு வாட்டியும் சொன்னது நீங்கதான் என்று மாரியாயி சொல்லி நிற்கிறார். நான் ஒருமாதிரி விழுங்கிவிட்டு, “அது என்ர வாய் மட்டும்தான் அம்மா. சொல்லு அவையின்ர” என்றேன்.

“அப்ப அவுங்க எங்க அடிச்சாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியாது அம்மா.”

“கேக்கலாமில்லங்க?”

“நான் கேக்க ஏலாது. என்னட்டக் கேள்வி இல்லை.”

“நான் கேக்கலாங்களா?”

சாட்சிகள் தங்களுக்குள் வெளியே என்ன பேசலாம் என்பதற்கு முதலியார் எனக்கு ஒரு சட்டமும் சொல்லித் தரவில்லை. நான் பார்சலை மூடி வைத்தேன். அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கன்டீன் பக்கம் நடந்தார். கை கழுவாமல் நானும் பின்னால் போனேன். வழக்கு ஆட்கள் இருக்கும் நேரத்தில் அந்தப் படி நான் ஏறியது அதுதான் முதல் முறை.

பதினொரு பேரும் பால் விடாத பிளேன்டீயோடு நின்றார்கள். முச்சக்கரவண்டிக்காரர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். மாரியாயியைக் கண்டதும் சிரிப்பு நின்றது. அவர் நேரே இரும்புக் கடை முதலாளியிடம் போனார். முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி, தன் முதுகை அவருக்குக் காட்டி நின்றார். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டார்.

“காட்டுங்க ஐயா. எந்த எடம்?”

“அம்மா... நான் ஒரு அடிதான்...”

“அந்த ஒண்ணத்தாங்க கேக்குறேன். தொட்டுக் காட்டுங்க. குளிப்பாட்டுனவ நானு. எனக்கு எல்லா எடமும் தெரியும். எது ஒங்களதுன்னு மட்டும் தெரியல.”

முதலாளியின் கை கோப்பையை விட்டு வரவே இல்லை. மாரியாயி ஒரு நிமிடம் இருக்கும், அப்படியே நின்றார். பிறகு இரண்டு அடி நகர்ந்து, குடையால் அடித்த வங்கிக்காரரிடம் போய், அவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.